லப்ரடோர் மாஸ்ரர்

வேலணையில், புங்குடுதீவில், ஊர்காவற்றுறையில், கடல் தாண்டி நெடுந்தீவிலும்கூட லப்ரடோர் மாஸ்ரர்மாரைக் காணலாம். அடையாளம் பிடிப்பது சுலபம். இடுப்புக்கு மேலே அவர் ஓய்வுபெற்ற அதிபர்: வெள்ளைச் சேட்டு, திருநீறு, பையில் பேனை. இடுப்புக்குக் கீழே கந்தல் வேட்டி. கையில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனையில் இருப்பதைத் தேட வேண்டியதில்லை. மாஸ்ரர் எந்தப் பக்கம் இழுபடுகிறாரோ அந்தப் பக்கத்தில் அது நிற்கும்.

அவர் பிறவியிலேயே லப்ரடோர் மாஸ்ரர் அல்லர். வாழ்நாள் முழுக்கப் படிப்பித்தவர். அவர் விறாந்தையில் இருமினால் மூன்று வகுப்புகள் எழுந்து நிற்கும் என்று ஊர் இன்றைக்கும் சொல்லும். பிள்ளைகள் ஸ்காபரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ரீச்சரம்மா பேரப்பிள்ளை பார்க்கச் சுப்பர் விசாவில் கனடா போனவர். அந்த விசாவில் ஒருமுறை போனால் ஐந்து வருஷம் நிற்கலாம் என்று 2022 இல் அங்கே மாற்றிவிட்டார்கள். ஆகவே பேரன் பள்ளிக்கூடம் போன பிறகுதான் மனிசி வருவா என்பது மாஸ்ரரின் கணக்கு. மிஞ்சியவை பெரிய வீடு, அதைவிடப் பெரிய வளவு, ஒரு சவர்க் கிணறு, மாரியில் மட்டும் நல்ல தண்ணீர் தருகிற இன்னொரு கிணறு. சுற்றிவர ஆளில்லாத வீடுகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய சுவர்களில் ஆலமரம் குடியிருக்கிறது.

தகப்பனைத் தனியே விட மகனுக்கு மனமில்லை. முதலில் கமரா பூட்டினான். ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் பனிக்காலத்தில் பத்தரையும் வித்தியாசம். ஆகவே மகன் தன்னுடைய பகலில் வேலையிடத்தில் இருந்துகொண்டு தகப்பனுடைய இரவைக் காவல் காத்தான். நடுச்சாமத்தில் ரெலிபோன் அடிக்கும். “அப்பா, வளவுக்குள்ள ஆரோ நிக்கிறாங்கள்!” மாஸ்ரர் ரோச் அடித்துப் பார்த்தால் கட்டாக்காலி மாடு. கமரா காட்டும், குரைக்காது என்ற ஞானம் மகனுக்கு அப்போதுதான் வந்தது.

மாஸ்ரர் கேட்டது ஒரு ஊர் நாய்க்குட்டி. மகன் சம்மதிக்கவில்லை. “வம்சம் பாக்கவேணும் அப்பா” என்றான். தன் கலியாணத்துக்குப் பார்க்காத வம்சத்தை நாய்க்குப் பார்த்தான். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் புறப்பட்டு, விடியப் பண்ணைப் பாலம் கடந்து, சப்பாத்துப் பெட்டி ஒன்றுக்குள் லப்ரடோர்க் குட்டி சீசர் வந்து இறங்கினான். பெட்டியை அன்றைக்கே தின்றுவிட்டான்.

மாஸ்ரர் உடனே வம்ச ஆராய்ச்சியில் இறங்கினார். நியூபவுண்லாந்து என்ற தீவில் மீனவரோடு தொழிலுக்குப் போன தண்ணீர் நாய்கள்தாம் சீசரின் மூதாதையர். வலை இழுக்கத் துணை நின்று, தூண்டிலில் இருந்து நழுவும் மீனைக் கௌவிக் கொடுத்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, பிரபுக்களின் வேட்டைக்குப் பழகி, 1903 இல் அந்நாட்டுக் கெனல் கிளப்பின் அங்கீகாரமும் பெற்றன. நியூபவுண்லாந்து 1949 இல் கனடாவோடு சேர்ந்தது. இந்த இடத்துக்கு வந்ததும் மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். “எங்கட சனம் தீவை விட்டுக் கனடாவுக்குப் போச்சுது. கனடாத் தீவில இருந்து வந்து இஞ்ச நிரந்தரமா இருக்கிறது இவன் ஒருத்தன்தான்” என்பார். கேட்கிறவர் சிரிப்பதா, துக்கம் விசாரிப்பதா என்று தெரியாமல் நிற்பார். அதற்குள் சீசர் அவருடைய செருப்பில் ஒன்றோடு கிணற்றடிக்குப் போயிருப்பான்.

வம்சம் தெரிந்துவிட்டதால் மொழிப் பிரச்சினையும் தீர்ந்தது. ஊர் நாய்க்கு “உஞ்சு, உஞ்சு” போதும். சீசருக்கு இங்கிலிஷ். “சிற் டவுண்! கம் ஹியர்! டோன்ற் ஜம்ப்!” படலையடியில் போகிறவர்களுக்குப் பழைய பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்து முதுகு நிமிரும். சீசருக்கு மட்டும் ஒன்றும் வராது. மாஸ்ரர் அவனுக்கும் நேரசூசி போட்டுச் சுவரில் ஒட்டினார்: காலை ஆறுக்கு வெளிக்குப் போதல், ஏழுக்குப் போசனம், எட்டுக்கு ஒழுக்கம். வெளிக்குப் போவதுதான் முதலில் பிழைத்தது. இரண்டு மாதக் குட்டி இரண்டு மணித்தியாலம் அடக்குவதே பெரிய காரியம், நித்திரையால் எழும்பினாலும் தின்றாலும் விளையாடினாலும் உடனே முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று மிருக வைத்தியர் சொன்னார். முப்பது பாடவேளையை ஒழுங்குபடுத்திய மனிதர் இப்போது ஒரு குட்டியின் மூத்திர மணியடிக்கு ஓடினார்.

அடுத்தது பல். குட்டிக்குப் பாற்பல் 28. நாலாம் மாதமளவில் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 பல் முளைத்து முடியும். அந்த இடைக்காலத்தில் முரசு தினவெடுக்கும், கண்டதையெல்லாம் கடிக்கச் சொல்லும். சாய்மனைக் கதிரையின் கால், கமராவின் வயர், ஓய்வூதியப் பத்திரத்தின் வலது மூலை எல்லாம் அந்தத் தினவுக்குப் போயின. மகன் ரப்பர் எலும்பு அனுப்பினான். சீசர் மணந்து பார்த்துவிட்டு அதன்மேல் நித்திரை கொண்டான். ஆவணி பிறந்தது. பனம்பழம் விழுந்தது. சீசர் ஒரு பனங்கொட்டையை முன்கால்களுக்கு நடுவே பிடித்து, கண்ணை மூடி, மாலை முழுக்கத் தும்பைச் சூப்பினான். யாழ்ப்பாணத்தாரைப் பகிடி பண்ண மற்றப் பகுதிச் சனம் வைத்திருக்கும் ‘பனங்கொட்டை சூப்பி’ என்ற பட்டத்துக்குக் கனடாக்காரன் ஒருவன் அன்றைக்குத் தகுதி பெற்றான். அதோடு கதிரைக்கால்களும் பிழைத்தன.

சாப்பாட்டைப் பற்றி மாஸ்ரர் பேசத் தொடங்கினால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கவேண்டும். லப்ரடோர்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்கிற மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016 இல் கண்டுபிடித்தார்கள். சீசரிடம் அந்தத் துண்டு இருக்கிறதா என்று சோதிக்க மாஸ்ரருக்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு உலாத்தக் கூட்டிப்போனார். முன்னோர் நழுவிய மீனைப் பிடித்துக் கொடுத்தவர்கள். சீசர் நழுவாத மீனைப் பிடித்தான், கொடுக்கவில்லை. “மாஸ்ரர், உங்கட பெடியன் என்ர விளைமீனைக் கொண்டுபோட்டான்!” என்று சம்மாட்டியார் கத்தினார். “காசு தாறன், அவனை மட்டும் ஏசாதையும்” என்றார் மாஸ்ரர். இதே சம்மாட்டியார் எட்டாம் வகுப்பில் பென்சில் திருடியதற்கு மாஸ்ரரிடம் பிரம்படி வாங்கியவர். இந்தப் பாரபட்சத்தை அவர் இன்னமும் மன்னிக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. ஒருவர் பட்டினி போடச் சொன்னார். ஒருவர் பகல் முழுக்கக் கட்டி வைக்கச் சொன்னார். கண்ணூறு பட்டிருக்கு, நூல் கட்டுங்கோ என்றார் மற்றவர். நூலும் கட்டப்பட்டது. சீசர் அதையும் தின்றான். முப்பது கிலோவை நெருங்கும் குட்டி அன்பு மேலிட்டுப் பாய்ந்தால் மாஸ்ரர் தள்ளுவார், கத்துவார், முழங்காலால் மறிப்பார். தள்ளினால் மல்யுத்தம், கத்தினால் தன்னோடு சேர்ந்து குரைக்கிறார் என்பது சீசரின் விளக்கம். இரண்டும் அவனுக்குப் பரிசு.

அவனை வழிக்குக் கொண்டுவந்தது பக்கத்து வளவு ஆச்சி. அவவுக்கு இடுப்பு நோ, மல்லுக்கட்ட ஏலாது. குட்டி பாய்ந்தால் பேசாமல் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பா. நாலு காலும் நிலத்தில் பட்ட கணத்தில் “இரு ராசா” என்று மடியிலிருந்து ஒரு பிடி புட்டு. பரிசு பிந்தினால் நாய்க்கு எதற்காகக் கிடைத்ததென்று விளங்காது, ஓரிரு நொடிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று பழக்குநர்கள் சொல்வது இதைத்தான். ஆச்சி யாரிடமும் படிக்கவில்லை. பிந்தினால் புட்டு ஆறிவிடும் என்பதுதான் அவவுடைய அவசரம். ஒரு கிழமையில் ஆச்சியைக் கண்டால் சீசர் நிலத்தில் குந்தத் தொடங்கினான். பிள்ளையார் கோயில் மணி கேட்டாலும் குந்துவான், ஏனென்றால் பூசை முடிய ஆச்சி பொங்கலோடு வருவா. சமிபாட்டை ஆராய்ந்து 1904 இல் நோபல் பரிசு வாங்கிய பாவ்லவ், நாய்க்கு வீணீர் ஊறும் விதியைக் கண்டது ரஷ்யாவில். அதே விதி இங்கே பூசை மணியில் நடந்தது. மாஸ்ரருக்கு ஒரே கவலைதான்: “ஆச்சி, அவனோட தமிழில கதையாதேங்கோ. குழம்பிப்போவான்.”

தன் மதிப்பைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த முறை தனி அழகு. கட்டளைக்கு நாய் கீழ்ப்படியாவிட்டால், நாய் செய்வதைக் கட்டளையாக்கிவிடுவது. சீசர் வேலியை நோக்கிப் பாய்ந்து ஓடும்போது பின்னாலிருந்து கம்பீரமாக “கோ!” என்பார். களைத்து விழுந்ததும் “லை டவுண்!” மண்ணைக் கிண்டினால் “டிக்!” தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இப்படி ஒரு கீழ்ப்படிவான நாய் வடமாகாணத்திலேயே கிடையாது. மேலிடத்துச் சுற்றுநிருபம் வருமுன்னே பள்ளிக்கூடத்தில் நடந்துவிட்டவற்றைச் சுற்றுநிருபத்தின்படி நடந்ததாக எழுதிப் பழகிய கை அல்லவா.

தீவுக்குத் தீவு மாஸ்ரரின் பாடு மாறும். நெடுந்தீவு மாஸ்ரரின் சீசர், பவளக்கல் வேலியைத் தாண்டி மட்டக்குதிரைகளைத் துரத்தப் போவான். குதிரை நின்று திரும்பிப் பார்க்கும். அடுத்த நிமிஷம் சீசர் மாஸ்ரரின் வேட்டிக்குப் பின்னால். யாழ்ப்பாணத்துக்கு ஊசிக்குக் கூட்டிப்போவதானால் முதலில் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலப் படகு. கடலோடி வம்சத்தவன் அணியத்தில் நின்று காற்று வாங்குவான். சத்தி எடுப்பது மாஸ்ரர். நயினாதீவில் ஆனி மாதம் நாகபூசணி அம்மன் கொடியேறினால் இறங்குதுறையில் கால் வைக்கிற அடியார் ஒவ்வொருவரையும் நேரில் வரவேற்பது தன் கடமை என்று சீசர் நினைப்பான். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் தங்கள் தீவுதான் என்பார்கள் நயினாதீவார். அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரம் திரும்பக் கிடைத்தால், அது குறைகிறதா இல்லையா என்பதை ஒரே நாளில் தீர்த்துவைக்கக் கூடியவன் சீசர்.

சட்டத்தில் மட்டும் மாஸ்ரர் வழுவமாட்டார். நாய்களைப் பதிய வேண்டும் என்கிற 1901 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், விசர்நாய்க் கடி பற்றிய 1893 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிரதேச சபைக்குப் போய்ச் சீசரைப் பதிந்தார். மூன்று மாதத்தில் விசர்நாய்த் தடுப்பூசி, பிறகு வருஷாவருஷம். பதினாறு கிழமைவரை தவணை தவணையாகப் பார்வோ ஊசி. அட்டையைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுத் தன் ஓய்வூதிய அட்டைக்கு மேலே வைத்திருக்கிறார்.

வளர்ந்த சீசரின் காவல் எப்படி? கள்ளன் வந்தால் ரோச்சை அவனே கௌவிக்கொண்டு போய் வழிகாட்டுவான். யாரைக் கண்டாலும் வால் தொடங்கி மூக்குவரை ஆடும். படலைக் கொளுக்கியை மூக்கால் தூக்கப் பழகியது அவன் சொந்த முயற்சி. பள்ளிக்கூடம் விட்ட பெடியள் பந்தோடு வந்தார்கள், பந்து திரும்பக் கிடைக்காததால் மறுநாளும் வந்தார்கள். விளைமீன் வழக்குப் பேச வந்த சம்மாட்டியார் தேத்தண்ணி குடித்துவிட்டு, வழக்கை அடுத்த தவணைக்கு வைத்தார். ஆச்சி புட்டுச் சட்டியோடு வந்தா. தபால்காரர் கடிதமில்லாத நாளிலும் சைக்கிளைச் சாய்த்தார். சோதினை எழுதுகிற பெடிச்சி ஒருத்தி நாயைத் தடவிக்கொண்டு கணக்குக் கேட்டாள். ரீச்சரம்மா போன நாளிலிருந்து ஆள் ஏறாத விறாந்தையில் கதிரை போதவில்லை.

ஒரு பின்னேரம் கமராவின் ஒலிபெருக்கி அலறியது. ரொறன்ரோவில் அப்போதுதான் விடிந்திருந்தது.

“அப்பா! என்ன இது, வளவுக்குள்ள திருவிழாவே? இவ்வளவு சனமும் ஆர்? நாய் எங்க போட்டுது?”

தெரிந்த குரல் கேட்டதும் சீசர் கதிரையில் ஏறிக் கமராவை நக்கினான். ஸ்காபரோவில் திரை முழுக்க நாக்கு.

“படலையை ஆரப்பா திறந்தது?”

மாஸ்ரர் அகலத் திறந்து கிடந்த படலையைப் பார்த்தார். விறாந்தையில் இருந்த சனத்தைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, பழைய அதிபர் குரலில் கட்டளையிட்டார்:

“சீசர்! ஓப்பன் த கேற்!”

கமரா பக்கம் திரும்பி, “பாத்தியே தம்பி, சொன்னாச் செய்யிறான்” என்றார்.