மாலை நாலு மணி மொழிப்போர்

தமிழ்நாட்டில் மொழிப்போர் 1938-லும் 1965-லும் நடந்ததாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் அது வேலைநாள்தோறும் மாலை நாலு மணிக்கு நடக்கிறது. களம், எங்கள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடை. பிரச்சினை ஒன்றே ஒன்றுதான்: படிக்கத் தகுந்த கணினி மொழி எது? எங்கள் டீமில் இருக்கும் ஆட்களைவிட இதற்கு விடைகள் அதிகம். சிலர் கம்பெனி மாறும்போது கொள்கையையும் மாற்றிக்கொள்வதே காரணம்.

முதலில் வாயைத் திறப்பவர் சி அண்ணன். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கிய சி மொழியை, இவர் காலேஜ் லேபில் டர்போ சி-யின் நீலத்திரையைப் பார்த்துக் கற்றவர். அந்த நீலத்தில் விழித்தவர்களுக்கு ஒரு தனி மிடுக்கு உண்டு. “லினக்ஸ் எதுல எழுதியிருக்கு? சி. உங்க பைத்தானையே எதுல எழுதியிருக்கு? அதுவும் சி. அப்புறம் என்னப்பா பேச்சு?” என்று கேட்டுவிட்டு, தீர்ப்பு எழுதிய நீதிபதி மாதிரி வடையைக் கையில் எடுப்பார்.

பைத்தான் தம்பி தீர்ப்பை ஏற்பதில்லை. “அண்ணே, நீங்க மெமரி கேட்டு வாங்கி, அதைத் திருப்பிக் குடுக்கிறதுக்குள்ள, நான் வேலையை முடிச்சிட்டு வேளச்சேரி போய்ச் சேர்ந்திருப்பேன்” என்பான். அதுவும் நிஜம். நெதர்லாந்துக்காரரான கீடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுது போகாமல் தொடங்கிய மொழி அது. பெயருக்கும் மலைப்பாம்புக்கும் சம்பந்தமில்லை. மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் நிகழ்ச்சியிலிருந்து வந்தது. ஆனால் நகைச்சுவை பெயரோடு சரி. வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கூடக்குறைய விழுந்தால் பைத்தான் ஓடாது. கண்ணுக்குத் தெரியும் பிழையோடு மல்லுக்கட்டலாம். வெற்றிடத்தோடு எப்படி மல்லுக்கட்டுவது?

ஜாவா மேனேஜர் பேச ஆரம்பித்தால் இன்னொரு டீ சொல்லிவிடுவோம். நேரமாகும். நாங்கள் கற்ற காலத்து ஜாவாவில், திரையில் ‘வணக்கம்’ என்று ஒரே ஒரு வார்த்தை வரவேண்டும் என்றாலும் முதலில் ஒரு கிளாஸ் எழுத வேண்டும். அதற்குள் ‘பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்டு மெயின்’ என்ற மந்திரத்தை ஜெபிக்க வேண்டும். அந்த நாலு சொல்லுக்கும் அர்த்தம் புரிவதற்குள் செமஸ்டர் முடிந்து, எக்ஸ்டர்னல் வந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டிருப்போம். மேனேஜரும் அதே பாணிதான். “லீவு உண்டா சார்?” என்று கேட்டால் முதலில் முன்னுரை வரும்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். “நீங்க திறக்கிற எல்லா வெப்சைட்டும் என் புண்ணியத்துல ஓடுது” என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995-ல் அந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் செய்து கொடுத்தார். அந்த அவசரத்தின் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. எழுத்தாக எழுதிய ஐந்தோடு எண்ணான மூன்றைக் கூட்டச் சொன்னால் 53 என்று சொல்லும். அதே ஐந்திலிருந்து அதே மூன்றைக் கழிக்கச் சொன்னால் 2 என்று சொல்லும். கூட்டும்போது மளிகைக்கடைக்காரராகவும் கழிக்கும்போது கணக்கு வாத்தியாராகவும் இருக்கிற மொழி அது. இனி திருத்தவும் முடியாது. திருத்தினால், இதை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் எல்லாம் படுத்துவிடும்.

புதிதாகச் சேர்ந்த ரஸ்ட் பக்தர்தான் இருப்பதிலேயே ஆபத்தானவர். யார் எந்தப் பிழையைச் சொன்னாலும், “ரஸ்ட்ல எழுதியிருந்தா கம்பைலரே விட்டிருக்காது” என்பார். கிரேடன் ஹோர் என்பவர் வான்கூவரில் 21-ஆவது மாடியில் குடியிருந்தார். 2006-ல் ஒருநாள் வீடு திரும்பினால் லிஃப்ட் வேலை செய்யவில்லை, மென்பொருள் கோளாறு. படியேறிய எரிச்சலில் மென்பொருள் இப்படி விழாத ஒரு மொழியை யோசிக்க ஆரம்பித்தார். அதுதான் ரஸ்ட், 2015-ல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்தது. எங்கள் அடுக்குமாடியிலும் லிஃப்ட் நிற்காத மாதமில்லை. இதுவரை அசோசியேஷன் கூட்டங்கள்தான் பிறந்திருக்கின்றன, மொழி எதுவும் பிறக்கவில்லை.

இத்தனை சத்தத்துக்கும் நடுவே வாயே திறக்காமல் பால் குடிப்பவர் கோபால் சார். கோபால் அவர் பெயரல்ல, அவர் மொழி. 1959-ல் அமெரிக்காவில் வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் போன்ற அலுவலக வேலைகளுக்காக வகுக்கப்பட்டது. டைக்ஸ்ட்ரா என்ற பெரிய கணினி அறிஞர், கோபால் மூளையை முடமாக்கும், அதைக் கற்பிப்பதையே குற்றமாகக் கருத வேண்டும் என்று 1975-ல் எழுதினார். நல்லவேளை, சென்னைப் போலீஸுக்கு விஷயம் எட்டவில்லை. எட்டியிருந்தால் தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு இருந்த கம்ப்யூட்டர் சென்டர்களை எல்லாம் பூட்டியிருப்பார்கள். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய நிரல்கள் 2000 பிறந்ததும் அதை 1900 என்று நினைத்துக்கொள்ளும் என்ற பயத்தில், உலகமே கோபால் தெரிந்தவர்களைத் தேடியபோது, அந்தச் சென்டர்களில் படித்த எத்தனையோ பேர் விமானம் ஏறினார்கள். அதோடும் முடியவில்லை. ஏப்ரல் 2020-ல், கொரோனாவில் வேலையிழந்தவர்கள் உதவித்தொகைக்கு மொய்த்துப் பழைய கணினிகள் திணறியபோது, நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி கோபால் தெரிந்தவர்கள் தன்னார்வத்தோடு உதவ வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். செத்துவிட்டது என்று சொல்லப்படும் மொழிக்கு இப்படி நடுநடுவே அழைப்பு வருவதால், கோபால் சாருக்கு விவாதிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இத்தனை சண்டையிலும் யாரும் சொல்லாத ரகசியம் ஒன்று உண்டு. இவர்களில் ஒருவரும் தன் மொழியைத் தானாகத் தேர்ந்தெடுத்தவர் அல்லர். பயிற்சி வகுப்பில் எந்த பேட்ச்சில் போட்டார்களோ அது. வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் இருந்தபோது எந்த புராஜெக்ட்டில் ஆள் குறைந்ததோ அது. ஜாவா மேனேஜருக்கு அன்றைக்கு டாட்நெட் பேட்ச் கிடைத்திருந்தால், இன்று அதே முன்னுரையோடு டாட்நெட்டுக்காகக் களமாடிக்கொண்டிருப்பார்.

இது தெரியாமல் என் அக்கா, “டேய், என் பையன் எந்த லாங்குவேஜ் படிச்சா நல்லது? நீ சொல்றதைத்தான் படிக்கவைக்கப் போறேன்” என்று கேட்டாள். நல்லது என்றால் அவள் அகராதியில் ஆன்சைட், அதாவது வெளிநாட்டு வேலை. மாலை நாலு மணிக்கு இதைக் கேட்டுச் சொல்கிறேன் என்றா அவளிடம் சொல்ல முடியும்? நான் யோசிப்பதற்குள் காலேஜ் சிலபஸ் முடிவு செய்துவிட்டது: முதல் செமஸ்டரில் பைத்தான், அடுத்ததில் சி.

ஆனால் அவள் கேள்வி என்னை விடவில்லை. விடை, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அவ்வப்போது ஃப்ரெஷர்களை இன்டர்வியூ எடுக்க என்னை உட்காரவைப்பார்கள். வருகிற ரெஸ்யூமே எல்லாவற்றிலும் மொழிகளின் பட்டியல் கல்யாண மெனுவை விட நீளம். இதில் எது நன்றாகத் தெரியும் என்று கேட்டால், எல்லாமே என்று பதில் வரும். ஆகவே நான் கேட்கும் கேள்வி, “இந்த மொழியில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?” பெரும்பாலானோர், “அப்படி எதுவும் இல்ல சார், ரொம்ப ஈஸி, ரொம்ப யூசர் ஃப்ரெண்ட்லி” என்பார்கள். அந்த மொழி அவர்களுக்கு யார் என்றே தெரியாது என்று அர்த்தம்.

ஒரு பெண் மட்டும் ஒரே ஒரு மொழி எழுதியிருந்தாள்: ஜாவா. கேள்வியைக் கேட்டதுதான் தாமதம், மூச்சு விடாமல் கொட்டினாள். “சார், ரெண்டு வார்த்தை ஒண்ணா இருக்கான்னு ரெண்டு சமக்குறி போட்டுப் பார்த்தா ஒரு தடவை ஆமாங்குது. அதே எழுத்தை ஒருத்தர் டைப் பண்ணிக் குடுத்தா இல்லேங்குது. எழுத்தைப் பார்க்காம, ரெண்டும் மெமரில ஒரே இடத்துல இருக்கான்னு பார்க்குதாம் சார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி போச்சு.” அவள் குரலில் இருந்த கோபம் உழைத்துச் சம்பாதித்த கோபம். அவளையே எடுத்தோம்.

சி பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப், மொழிகள் இரண்டே வகை, எல்லோரும் குறை சொல்வது ஒன்று, யாருமே பயன்படுத்தாதது மற்றொன்று என்ற பொருளில் சொன்னது பிரபலம். மொழிக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் அது பொருந்தும். அந்த இன்டர்வியூவுக்குப் பிறகு டீக்கடையில் நான் கேட்கும் விதம் மாறிவிட்டது. ஒருவர் தன் மொழியைப் புகழும்போது டீயைக் கவனிப்பேன். அவரே அதைத் திட்ட ஆரம்பித்தால் காதைத் தீட்டிக்கொள்வேன். புகழ்ச்சி கம்பெனி விளம்பரத்திலேயே கிடைக்கிறது. வசவில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது களத்தில் புதுக்கட்சி ஒன்று இறங்கியிருக்கிறது. இனி எந்த மொழியும் வேண்டாம், ஏஐ-யிடம் சொன்னால் அதுவே எழுதித் தரும் என்கிறது அந்தக் கட்சி. எழுதித் தருகிறதுதான், நானும் கேட்டு வாங்குகிறேன். ஆனால் சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் அது ஒரே தன்னம்பிக்கையோடு நீட்டுகிறது. எங்கே பள்ளம் என்று சொல்ல, அதில் ஏற்கெனவே விழுந்து எழுந்த ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

போன வாரம் ராத்திரி அக்கா பையன் போன் செய்தான். “மாமா, என்ன மொழி இந்த சி? மார்க் போட்டுவைக்கப் பத்து இடம் கேட்டு வாங்கினேன். தெரியாம பதினோராவது இடத்துல எழுதிட்டேன். கம்பைலர் ஒரு வார்த்தை கேக்கல மாமா! பக்கத்துல வேற எதுக்கோ வெச்சிருந்த எண் மாறிப்போச்சு. இதைக் கண்டுபிடிச்ச ஆளு கையில கிடைச்சா…” என்று தொடங்கி, இங்கே அச்சிட முடியாத வகையில் முடித்தான்.

போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். “கவலைப்படாதே, பையன் நல்லாப் படிக்கிறான்” என்றேன்.