செம்புக்கு என்ன கோபம்?

கேள்வி: வெண்ணெயைச் செம்புப் பாத்திரத்தில் வைக்கவே கூடாது என்கிறார் எங்கள் அமுச்சி. செம்புத் துகள் பட்டால் பனியன் துணி ஓட்டையாகும் என்கிறார் பிளீச்சிங் மாஸ்டர். செம்புக்கு நம் ஊர்மேல் என்ன கோபம்?
– வாசகர், ஊத்துக்குளி

பதில்: கோபமில்லை, ஓயாத கொடுக்கல் வாங்கல்! செம்பு எலெக்ட்ரானை இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுக்கும். வெண்ணெயில் ஆக்சிஜனுக்குத் தரகு பார்த்தால் சிக்கு வாடை. ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்டியில் துகளாக விழுந்தால் துணியில் பொத்தல். அமுச்சியும் மாஸ்டரும் சொல்வது ஒரே வேதியியல்.

அதே செம்பை அமினோ அமிலம் பிடித்துக்கொண்டால் பொறுப்பான வேலையாள். நறுக்கிய வாழைக்காயைப் பாருங்கள்: அதைக் கறுக்க வைக்கும் நொதியில் இரண்டு செம்பு அணுக்கள், ஒவ்வொன்றையும் மூன்று ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் பிடித்திருக்கின்றன. இப்படிப்பட்ட நொதிகளைப் பார்த்துத்தான் வேதியியலாளர்கள், அமினோ அமிலத்திலிருந்து செய்த மூலக்கூறுகளால் செம்பைக் கட்டி ஆக்சிஜனேற்ற வினையூக்கி செய்கிறார்கள். பெராக்சைடோடு சேர்ந்து சாயத்தை உடைப்பவையும் அவற்றில் உண்டு. நொய்யல் ஆற்று மாசுக்காக 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்த நமக்கு, சாயக் கழிவுநீரில் இவற்றைப் போட ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நிறம் போனாலும் கழிவுநீரிலுள்ள உப்பு போகாது. அதை எடுக்க ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் வேண்டும். வெண்ணெய் எவர்சில்வரிலேயே இருக்கட்டும்.