உஷ்... ரெக்கார்டிங்!

நங்கநல்லூர்ப் பக்கம் ஏதாவது ஓர் இரண்டாம் மாடி வீட்டில், சித்திரை மாதத்து மத்தியானத்தில், ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, தலையோடு ரஜாயைப் போர்த்திக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் குளிர்ஜுரம் என்று பயந்துவிட வேண்டாம். அவர் வீட்டு ஸ்டூடியோக்காரர். பாட்டு பதிவாகிக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். காலேஜில் பாடிக் கப் வாங்கியவர். அப்புறம் பல வருஷம் ஹவுஸிங் லோன் மட்டுமே கட்டியவர். இப்போது ஒரு கண்டென்சர் மைக், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், மகன் விட்டுப்போன லேப்டாப். பாடத்தான் வாங்கினார். ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் வினை பிடித்தது. அந்த மைக்குக்கு எல்லாமே கேட்கிறது: ஃபிரிட்ஜ், எதிர்வீட்டுத் தண்ணி மோட்டார், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம், அவர் வயிற்றிலேயே இறங்கிக்கொண்டிருக்கும் பொங்கல். அன்றோடு பாட்டு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

முதலில் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டுவார். இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் யாரும் ஸ்டூடியோக்காரர் ஆனதில்லை. சைவ வீடாக இருந்துவிட்டால் அட்டைகளை இருட்டியபின் பையில் மறைத்து மாடியேற்றுவது தனிக்கதை. வெளிச்சத்தத்தை நிறுத்தக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். அட்டையில் கனம் ஏது? உள்ளே எதிரொலி கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். அதற்கும் பட்டுப்புடவை அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்று பாடுவது மேல். ஆனால் அந்தச் சாவி அவரிடம் இல்லை.

அடுத்தது ‘ம்ம்ம்’. யாருமே பாடாதபோது அடியில் ஓடும் ரீங்காரம். அதைக் கண்டுபிடித்த வாரத்தில் அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். காபி வருவதற்குள் ஹெட்போனை நம் காதில் மாட்டிவிடுவார். “கேக்குதா? நம்ம கரண்ட்டு செகண்டுக்கு 50 தடவை ஆடுது சார். நான் பாடுறது ஒரு கட்டை. அதுக்கு மந்திரத்துக்கும் கீழே பஞ்சமம் 49 கிட்ட வருது. ஆகக்கூடி கரண்ட்டு எனக்குப் பஞ்சமம் பிடிக்குது. சுருதிதான் கொஞ்சம் தூக்கல்!” கணக்கு சரிதான், நான் போட்டுப் பார்த்தேன். பிறகு லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குவார், ரீங்காரம் நிற்கும். செருகுவார், வரும். பிடுங்குவார். சார்ஜரை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓட்டினாலோ, எல்லாச் சாமானையும் நல்ல எர்த் உள்ள ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்தாலோ பெரும்பாலும் தீர்ந்துபோகிற விஷயம். தீர்ந்தால் விருந்தாளிக்கு எதைக் காட்டுவது?

வீட்டில் சதா ஊரடங்கு.

“என்னங்க, குக்கர் வைக்கட்டுமா?”

“எத்தனை விசில்?”

“பருப்புக்கு நாலு.”

“அப்ப சரணம் முடியட்டும்.”

“மணி ரெண்டாகுதுங்க. சாம்பாரா, சரணமா? ஒண்ணு சொல்லுங்க.”

பாட்டின் நடுவே கரையும் காக்கையை விரட்டும் விஷயத்தில் மட்டும் அவருக்குச் சரித்திர ஆதரவு உண்டு. 1930-களில், பின்னணிப் பாட்டு வராத காலத்தில், வெட்டவெளியில் நடிகரே பாடப் பாடப் படமும் ஒலியும் சேர்ந்து பதிவாகும். காக்கை விரட்டவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். இவர் அந்த உத்தியோகத்துக்குத் தங்கை மகனை நியமித்திருக்கிறார். பால்கனி, ஒரு குச்சி, சம்பளமாக ஐஸ்கிரீம். பையன் காக்கையை விரட்டப் போடும் கூச்சல் காக்கையைவிடத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

காசில்லாத வைத்தியம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், கெயினை அந்த அளவுக்குக் குறைத்தால் அறைச் சத்தமும் கூடவே இறங்கும். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். சத்தம் வரும் ஜன்னலுக்கு அந்த முதுகைக் காட்டினால் போதும். அதற்கும் மசியவில்லையா, மேடைப் பாடகர்கள் பிடிக்கும் டைனமிக் மைக்கை வாயோரம் வைத்துப் பாடலாம். நமக்கு அவரே வகுப்பெடுப்பார். தான் செய்ய மாட்டார். செய்தால் அன்றைக்கே பாட வேண்டியிருக்கும்.

எப்படியோ ஒருநாள் பாடிவிடுகிறார். உடனே ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளைத் திறந்து, வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஓரிரு நொடியைத் தேர்ந்தெடுத்து, ‘இதுதான் சத்தம், எடுத்துவிடு’ என்று அதற்கு அடையாளம் காட்டுகிறார். கொஞ்சமாக எடுத்தால் நல்ல வித்தைதான். இவர் கொஞ்சத்தில் நிற்கிறவரா? இன்னும் எடு, இன்னும் எடு என்று தள்ளத் தள்ள, குரல் கிணற்றுக்குள் முங்கிக்கொண்டு பாடுவதுபோல் ஆகிறது. மூச்சு போயிற்று. ‘ஸ’வும் ‘ச’வும் அரைகுறையாகத் தேய்ந்துபோயின. சத்தம் சுத்தமாக இல்லை. பாட்டும் அநேகமாக இல்லை.

பாட்டு உயிரில்லாமல் கிடக்கிறதே என்று அவருக்கே தோன்றிவிட்டது. ராத்திரியெல்லாம் இணையத்தில் தேடி, ‘கிராமத்துக் காலை’ என்று ஒரு சத்தத்தைக் காசு கொடுத்து இறக்கிப் பாட்டுக்கு அடியில் பரப்பினார். மறுநாள் வீட்டம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டினார்.

“என்னங்க, காக்கா கத்துது.”

“ஆமா. பிரமாதமா இல்ல?”

“அப்ப அந்தப் பையன் ரெண்டு மாசமா பால்கனியில வெயில்ல நின்னானே, அது எதுக்கு?”

“அது வேற காக்கா. இது ஸ்டீரியோ.”