ஷாப்டுக்குக் குரோம் அடித்துக் கெடுப்பது எப்படி?

கொட்டாஞ்சேனையில் மிளகாய் அரைக்கிற மில் வைத்திருக்கிறீர்கள். ஷாப்ட் தேய்ந்து, பேரிங்கின் உள்வளையம் அதன்மேல் சும்மா சுற்றுகிறது. கவலையை விடுங்கள். டொலருக்குத் தட்டுப்பாடு வந்த 2022க்குப் பிறகு பழசைத் திருத்தி ஓட்டுவதில் நாமெல்லோரும் பட்டம் பெற்றவர்கள். தேய்ந்த இடத்தில் மின்முலாம் ஏற்றி, அளவுக்குக் கிறைண்ட் பண்ணி எடுத்தால் ஷாப்ட் புதுசு. ஆனால் ஒழுங்காகச் செய்தால் வருடக்கணக்கில் பட்டறைப் பக்கம் போக வேலை இராது. அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் இந்தக் குறிப்புகள். பாதியை ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறீர்கள், மீதியையும் பழகிக்கொள்ளுங்கள்.

1. கைவைத்தியத்தில் தொடங்குங்கள். பேரிங் உட்காரும் இடத்தைச் சுற்றி சென்டர் பஞ்சால் பொட்டுப்பொட்டாகக் குத்துங்கள். ஒவ்வொரு குழியின் விளிம்பும் மேடாகக் கிளம்பும், பேரிங் பிடித்துக்கொள்ளும். போதாவிட்டால் சோடா கேனைக் கத்தரித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சில நாள் ஓடும். அந்த நாட்களில் குழிகளுக்குள் கிரீஸும் மிளகாய்த்தூளும் நன்றாக ஊறட்டும். முலாம் தொட்டியில் அவை ஒவ்வொன்றும் கொப்புளமாகத் திரும்பி வரும்.

2. அளக்காதீர்கள். மைக்ரோமீட்டர் இருந்தால் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நகத்தால் தடவி, "ஒரு நூல் போயிருக்கும்" என்று அறிவியுங்கள். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, மூன்று மில்லிமீட்டருக்கு மேல். உங்கள் தேய்மானம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. 50 மில்லிமீட்டர் ஷாப்டில் பேரிங் இறுக்கமாக உட்கார வழக்கமாகக் கொடுக்கும் இடம் 50.002க்கும் 50.018க்கும் நடுவில், அதாவது தலைமயிரில் கால்வாசி. நூல் கணக்கில் கதைக்கிறவருக்கு இதெல்லாம் சில்லறை.

கட்டாயம் அளக்கத்தான் வேண்டுமென்றால் ஒரே ஒரு இடத்தில் அளங்கள். ஷாப்ட் ஒரு முனையில் கூடவும் மறுமுனையில் குறையவும் தேய்ந்திருக்கும், சற்று முட்டை வடிவாகவும் போயிருக்கும் என்பது சந்தேகப்பிராணிகளின் பேச்சு.

3. இதுதான் மணியான படி, கவனமாகச் செய்யுங்கள். "அண்ணை, புள்ளி இருபது ஏத்தித் தாங்கோ" என்று முலாம்காரரிடம் சொல்லிவிட்டு உடனே வெளியேறுங்கள். அது விட்டத்துக்கா, பக்கத்துக்கா என்று அவர் கேட்க நேரம் கொடுக்கக்கூடாது. ஷாப்ட் 49.80க்குத் தேய்ந்திருக்கிறது. காயங்களை எடுக்க அவர் முதலில் 49.70க்குக் கிறைண்ட் பண்ணுவார். பிறகு பக்கத்துக்கு 0.20 ஏற்றினால் 50.10, அதிலிருந்து அளவுக்கு இறக்கலாம். விட்டத்துக்கு 0.20 என்று அவர் எடுத்துக்கொண்டால் 49.90. இவ்வளவு செலவழித்தும் பேரிங் தானாகக் கழன்று விழும். இருவர் சொல்வதும் சரி என்பதால் சண்டைக்கு முடிவே இல்லை.

4. அளவைக் கேட்காதீர்கள், மினுக்கத்தைக் கேளுங்கள். "நல்லா பளபளன்னு இருக்கணும்" என்றால் போதும். மோட்டார் சைக்கிள் சைலன்சரில் மினுங்குகிற குரோம் பொதுவாக ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. உங்களுக்கு வேண்டிய ஹார்ட் குரோமோ இருநூறு. இரண்டுக்கும் பெயர் குரோம்தானே. விலை குறைந்ததைப் பிடியுங்கள்.

5. ஷாப்டின் பூர்வீகத்தை மறையுங்கள். பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் வாங்கியது, நடுவில் ஒருமுறை வெல்டிங் பிடித்தது, போன தடவை அடித்த குரோம் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: எதையும் வாய்விடாதீர்கள். பழைய குரோமைக் கழற்றாமல் மேலே அடித்தால் புதியது சரியாகப் பிடிக்காது. இந்த இரகசியம் உங்களோடேயே இருக்கட்டும்.

6. கழுவுவதற்குக் காசு கொடுக்காதீர்கள். சுத்தமான இரும்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் அது உடையாமல் ஒரே படலமாக நிற்கும். எண்ணெய் இருந்தால் முத்துமுத்தாகப் பிரியும். அரை நிமிடச் சோதனை, செலவு ஒரு கோப்பைத் தண்ணீர். ஆகவே தவிருங்கள். கழுவி வைத்ததை ஒருதரம் கையால் தடவி "வடிவா இருக்கு" என்று பாராட்டுங்கள். உங்கள் விரல்ரேகை முலாமுக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

7. அவசரப்படுத்துங்கள். ஹார்ட் குரோம் மணிக்குச் சுமார் 25 மைக்ரோன்தான் ஏறும். பக்கத்துக்கு 0.20 என்றால் எட்டு மணித்தியாலம், தொட்டி 55 பாகைச் சூட்டில், கரண்ட் இடையில் அறாமல். நீங்கள் மத்தியானமே போய் நில்லுங்கள். "ஒருக்கா தூக்கிக் காட்டுங்கோ, பார்ப்பம்" என்று கேளுங்கள். நடுவில் கரண்ட் நின்று மறுபடி தொடங்கினால் குரோம் அடுக்கடுக்காகப் பிரியும். நாட்டின் ஒத்துழைப்பும் உண்டு: 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததாம், தீவு முழுக்க இருட்டு. அன்றைக்குத் தொட்டிக்குள் ஷாப்ட் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் படியைச் சொல்லித்தரத் தேவையே இல்லை. ஜெனரேட்டர் உள்ள பட்டறையைத் தேடிப் போய் வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

8. முனைகளைக் கூராகவே விடுங்கள். மின்சாரம் மூலையையும் விளிம்பையும்தான் தேடிப்போகும். சாவிப்பள்ளத்தின் ஓரத்தில் முலாம் முடிச்சு முடிச்சாகத் திரளும், நடுவில் மெலிந்திருக்கும். விளிம்பை மழுக்குவது, வேண்டாத இடத்தை மெழுகால் மூடுவது, கரண்டைத் திருடிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கம்பி கட்டுவது எல்லாம் தொழில் தெரிந்தவர்களின் வீண்வேலை.

9. சூடாக்காதீர்கள். குரோம் தொட்டியில் போகிற மின்சாரத்தில் ஐந்தில் ஒன்றுகூட உலோகமாவதில்லை. மிச்சத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜனாகிறது. அதில் கொஞ்சம் இரும்புக்குள்ளேயே புகுந்துகொள்ளும். கடினமான எஃகென்றால் தொட்டியிலிருந்து எடுத்த சில மணித்தியாலத்துக்குள் 200 பாகையளவில் ஓவனில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். நீங்களோ ஷாப்டைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றுங்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜனால் உடைவதானால் அது நல்ல நேரமாகப் பார்த்து, சித்திரைப் புத்தாண்டுக்கு லேத்காரர் எல்லோரும் ஊருக்குப் போன கிழமையில் உடையும்.

10. வெள்ளவத்தை வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. மரைன் டிரைவ் பக்கம் ஜெனரேட்டரோ ஹைட்ரோலிக் றொட்டோ வைத்திருப்பவர்கள் அடியில் நிக்கல் போட ஒத்துக்கொள்ளக்கூடாது. ஹார்ட் குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. உப்புக்காற்று அவற்றின் வழியே இறங்கி உள்ளே துருவை வளர்க்கும். மேலே மினுக்கம் குறையாமலே முலாம் உரியும் காட்சி வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது.

11. ஆகக் குறைந்த விலைக்காரரைப் பிடியுங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சுற்றாடல் சட்டம், அனுமதிப்பத்திரம் என்றெல்லாம் பேசுகிறவர் கழிவைச் சுத்திகரிக்கும் செலவையும் பில்லில் போடுவார். கழிவைக் கானுக்குள் விடுகிறவரிடம் அந்தச் செலவு இல்லை. கான் கால்வாய்க்குப் போகிறது, கால்வாய் கடலுக்குப் போகிறது, கடல் பெரியது. தொட்டியில் இருப்பது புற்றுநோய் தரும் என்று உறுதியான ஆறிணைதிறன் குரோமியம். தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்று விட்டுப்போன கழிவு லட்சம் தொன்னுக்கு மேல். உங்களுடையது ஒரு ஷாப்ட்தானே. ஆவி உறிஞ்சும் விசிறி இல்லாத கொட்டகையில் தொட்டிமேல் குனிந்து நிற்கிற பெடியனின் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழலாம். அவனை நிமிர்ந்து பார்க்காமல் விலையைப் பேசுங்கள்; இல்லாவிட்டால் குறைத்துக் கேட்க வாய் வராது.

12. கிறைண்டிங்கில் முரட்டுத்தனம் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் குறைவாக, வெட்டு ஆழமாக. குரோம் சூடேறி வலைப்பின்னலாக வெடிக்கும். வீட்டுக்குக் கொண்டுவரும்வரை தெரியாது.

13. பில்லில் "குரோம் வேலை" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் எழுத விடாதீர்கள். அளவு, தடிப்பு, எந்த இடத்தில் என்று ஒரு கோடு கீறி வைத்தாலே சண்டை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

14. இனிப் பூட்டுங்கள். ஷாப்டின்மேல் சும்மா சுற்றித் தேய்ந்த அதே பழைய பேரிங்கை எடுங்கள்; உள்வளையத்தின் துவாரம் பெருத்துப்போயிருப்பது பரவாயில்லை. எண்ணெயில் சூடாக்கி ஏற்றுவது சோம்பேறிகளின் வழி. நீங்கள் பெரிய சுத்தியலால் வெளிவளையத்தில் அடித்து ஏற்றுங்கள். ஓரத்திலிருந்து சில் சில்லாகத் தெறிப்பது குரோம், கூட்டி அள்ளிவிடுங்கள். சுவிட்சைப் போடுங்கள். சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வையுங்கள். சனங்கள் மிளகாயோடு வரிசையில் நிற்கிறார்கள்.