அஞ்சுக்கு ஒண்ணு அடிச்ச மகராசன்

ஏன்டா பேராண்டி, மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டு காலையில இருந்து திண்ணையச் சூடு பண்ணிக்கிட்டிருக்க? கம்பெனியில உன்னையப் பெஞ்சுல உக்கார வச்சுட்டாகளாம், உனக்குப் பின்னால வந்த பயலுக்கெல்லாம் புராஜெக்ட் குடுத்துட்டாகளாம். உங்க ஆத்தா ஒப்பாரியா வைக்கிறா. சம்பளம் வருதா? வருதுல்ல. பெறகென்ன? உக்காரப் பெஞ்சு, உக்காந்ததுக்கு மாசக் கூலி. எங்க காலத்துல இப்பிடி ஒரு உத்தியோகம் இருந்திருந்தா நான் ஏன்டா ஏரப் பிடிச்சு மாட்டு வாலைப் பாத்துக்கிட்டே நடந்திருக்கப் போறேன்?

ஆனா ஒண்ணு. பெஞ்சுல உக்கார்றதுக்கும் தெறம வேணும். அது உங்கிட்ட இல்ல. அமெரிக்காவுல பாப் யூக்கர்னு ஒரு மனுசன் இருந்தான். 1934ல மில்வாக்கியில பொறந்து, 2025 ஜனவரியில தொண்ணூறு வயசுல போய்ச் சேந்தான். அந்த மகராசன்ட்டப் படிச்சுக்கோ.

பேஸ்பால் ஆட்டக்காரன், கேட்சர். நம்ம கிரிக்கெட்டுல விக்கெட் கீப்பர் நிக்கிறாம்பாரு, அந்த எடந்தான். கீப்பராவது அப்பப்ப நிமுந்துக்கிடலாம், இவன் பந்துக்குப் பந்து குத்த வச்சு உக்காரணும். மூஞ்சிக்குக் கம்பிக்கூண்டு, நெஞ்சுக்குக் கவசம், முழங்காலுக்குக் காப்பு. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துல வாற பந்து, பேட்டுல லேசா உரசித் திரும்புச்சுன்னா நேரா இவன் வெரல்லதான் வந்து விழும். அடுத்து என்ன பந்து போடணும்னு பிட்சருக்குச் சாடை காட்டுறதும் இவந்தான். பிட்சர் ஜெயிச்சா மாலை பிட்சருக்கு. பந்து பின்னால ஓடிப்போச்சுன்னா ஏச்சு கேட்சருக்கு. கல்யாணத்துல பொண்ணப் பெத்தவன் பொழப்பு.

1956ல சொந்த ஊரு அணி மில்வாக்கி பிரேவ்ஸ் அவன எடுத்துக்கிட்டுச்சு. மூவாயிரம் டாலர். அத வச்சே அந்தாளு காலமெல்லாம் ஒரு கதை சொன்னான்: அவன் அய்யாவுக்கு மனசு ஒடிஞ்சு போச்சாம், அம்புட்டுப் பணத்துக்கு அவரு எங்க போவாருன்னு. புரியுதா? மகனைச் சேக்கணும்னா அப்பந்தான் கட்டணும்னு நெனச்சுட்டாராம். நீ எஞ்சினீயரிங் சேந்தப்ப உங்கப்பன் நெசமாவே கட்டுனான், அந்தக் கதைக்கு யாரும் சிரிக்கல.

அதுக்கப்புறம் மைனர் லீக்குல ஊர் ஊரா அலைஞ்சு, பெரிய லீக்குல கால வைக்க 1962 ஆயிருச்சு. நீ போன தீபாவளிக்குச் சேந்து இந்தப் பொங்கலுக்குள்ள டீம் லீடர் ஆகணுங்கிற.

பெரிய லீக்குல மொத்தமே ஆறு வருசம். பிரேவ்ஸ்ல ரெண்டு, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்ல ரெண்டு, பிலடெல்பியா பில்லீஸ்ல ஒண்ணரை, கடைசியில மறுபடி பிரேவ்ஸ். அதுக்குள்ள பிரேவ்ஸ்காரக கூடாரத்தையே அட்லாண்டாவுக்குத் தூக்கிட்டாக. 297 ஆட்டம். பேட்டிங் கணக்குல சேந்தது 731 தடவ, அதுல உருப்படியா அடிச்சது 146. சராசரி .200ன்னு புத்தகத்துல போட்டிருக்கு. அஞ்சுக்கு ஒண்ணு. நீ கணக்குல புலியாச்சே, பெருக்கிப் பாரு: 146ஐ அஞ்சால பெருக்குனா 730தான் வரும். அஞ்சுக்கு ஒண்ணுக்குக்கூட ஒரு தடவ மிச்சம்! பாவம்னு மேல தள்ளி எழுதியிருக்காக. அந்த ஆட்டத்துல பத்துக்கு மூணு அடிச்சவனத் தோள்ல தூக்கி வச்சு ஆடுவாக. அஞ்சுக்கு ஒண்ணுன்னா மானேஜர் வானத்தப் பாத்துத்தான் பேசுவாரு.

இதுல 1964ல கார்டினல்ஸ் உலகத் தொடருக்குப் போயிருச்சு. எதிர்ல நியூயார்க் யாங்கீஸ். ஏழு ஆட்டம் நடந்துச்சு. ஏழுலயும் டிம் மெக்கார்வர்ங்கிறவந்தான் கேட்சர். நம்ம ஆளு ஏழுலயும் பெஞ்சு. நீயா இருந்தா எச்.ஆருக்கு மெயில் போட்டிருப்ப. அவன் என்ன பண்ணான்? பயிற்சி நேரத்துல மைதானத்துல பேண்டுக்காரன் டூபாவக் கீழ வச்சுட்டுப் போயிருந்தான். அண்டா வாயோட ஒரு ஊதுகொழலு இருக்குமே, அதுதான். இவன் அதத் தூக்கி மாட்டிக்கிட்டு, ஒசரப் போற பந்தையெல்லாம் டூபா வாயில பிடிச்சான். கூட இருந்த பயலுக வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சானுக. கார்டினல்ஸ் கோப்பைய வாங்கிருச்சு. டூபா நசுங்குனதுக்குத் தன்கிட்ட காசு கேட்டாகன்னு பின்னாடி அவனே சொல்லித் திரிஞ்சான்.

அதுக்காக ஒண்ணுக்கும் ஒதவாத ஆளுன்னு நெனச்சுராத. 1965ல சாண்டி கூஃபாக்ஸ்ங்கிற பிட்சர் பந்துல ஹோம் ரன் அடிச்சவன் அவன், நம்ம சிக்ஸர் மாதிரி. அந்தக் காலத்துல கூஃபாக்ஸ்னா எமன். வாழ்க்கை முச்சூடும் 14 ஹோம் ரன்னு, அதுல ஒண்ணு எமனோட பந்துல. வேறொருத்தனா இருந்தா அந்த ஒண்ண ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பான். இவன் சொன்னது என்ன தெரியுமா? நான் அடிச்ச பாவத்துக்குக் கூஃபாக்ஸுக்கு, ஜாம்பவானுகளுக்குக் குடுக்குற ஹால் ஆஃப் ஃபேம் மரியாதை கெடைக்காமப் போயிருமோன்னு பயந்துட்டேன்னான். கூஃபாக்ஸுக்கு 1972ல கெடச்சிருச்சு, அது வேற.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன், போன கீழ வை.

1967, அட்லாண்டா. அங்க ஃபில் நீக்குரோன்னு ஒரு பிட்சர். அவன் போடுறது நக்கிள்பால். வெரல் நுனியால தள்ளி விடுற பந்து. வேகமும் கெடையாது, சுழற்சியும் கெடையாது. சுழலாததுனாலயே காத்துல இங்கிட்டும் அங்கிட்டுமா ஆடி வரும். எங்க போய் விழும்னு போட்டவனுக்கே தெரியாது, அடிக்கிறவனுக்கும் தெரியாது. அதக் குத்த வச்சு உக்காந்து பிடிக்கிறவன் கதி? அந்த வருசம் யூக்கர் பிடிக்காம விட்டது 27 பந்து. லீக்குலயே முதலிடம், பாத்துக்கோ! நக்கிள்பால எப்பிடிப் பிடிக்கணும்னு கேட்டதுக்கு, அது உருண்டு நிக்கிறவரைக்கும் பொறுத்திருந்து எடுத்துக்கிடணும்னான். இன்னொரு லாபமும் சொன்னான்: பெரிய மனுசங்கெல்லாம் கேட்சருக்குப் பின்னாடி இருக்குற சீட்டுலதான உக்காருவாக, பந்தப் பொறுக்கப் போனப்ப நெறையப் பேரு பழக்கமாயிட்டாகளாம்.

சிரிச்சியா? இப்பக் கேளு. அதே 1967ல, அதே லீக்குல, கொறஞ்ச ரன் குடுத்த பிட்சர் யாரு? அந்த ஃபில்தான். ஒரு ஆட்டத்துக்குச் சராசரியா 1.87 ரன். ஒரு ஆளு பந்த விட்டதுல முதல், அவன் எதுத்தாப்புல நின்னவன் ரன் குடுக்காததுல முதல். ஏன்னா, பிடிக்க முடியாத பந்தப் போடச் சொன்னதே யூக்கர்தான். நீ ஜெயிக்கணும்னா எந்நேரமும் நக்கிள்பாலே போடு, பிடிக்கிற பாட்ட நான் பாத்துக்கிடுறேன்னானாம். இத ஃபில்லே பின்னாடி சொன்னான். அந்த ஃபில் அப்புறம் 318 ஆட்டம் ஜெயிச்சு, 1997ல ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள போனான். யூக்கரு பேருல அந்த 27 அப்பிடியே நிக்குது. அடுத்தவன் பெருசாகட்டும்னு தன் பேருல 27 தப்ப வரவு வச்சுக்கிட்டவன, உன் ஆபீசுல ஒருத்தனக் காட்டு பாப்போம். தப்பு வந்தா மெயிலுல நாலு பேருக்கு நகல் போடுற பயலுகதான இருக்கீக.

யூக்கர் ஆடுறத விட்டதுக்கு அப்புறம், பட் செலிக்னு மில்வாக்கி புரூவர்ஸ் அணி மொதலாளி, ஆள் தேடுற வேலையில அவனப் போட்டாரு. இவன் அனுப்புன அறிக்கையில கொழம்பும் உருளக்கெழங்கு மசியலும் அப்பிக் கெடந்துச்சாம், எழுத்தே தெரியலையாம். செலிக் பாத்தாரு, இவன் கையில பேனா வேணாம், மைக்கக் குடுன்னுட்டாரு. 1971ல ரேடியோவுக்கு வந்தவன் 2024 வரைக்கும் எந்திரிக்கல. ஜானி கார்சன் நடத்துன ராத்திரி டி.வி. நிகழ்ச்சியில நூறு தடவைக்குப் பக்கமா வந்து உக்காந்தான். மிஸ்டர் பேஸ்பால்னு கார்சனே பேரு வச்சாரு, அஞ்சுக்கு ஒண்ணு அடிச்சவனுக்கு! 2003ல ஹால் ஆஃப் ஃபேம்காரக வருணனைக்காரகளுக்குக் குடுக்குற ஃபிரிக் விருதும் குடுத்தாக.

ஓகோ, நம்மளும் நம்ம தோல்வியச் சொல்லிச் சிரிக்க வச்சாப் போதும்னு கெளம்பிராதடா. அவன் பெஞ்சுல உக்காந்து ஆட்டத்தப் பாத்தான். நீ பெஞ்சுல உக்காந்து ரீல்ஸ் பாக்குற. ஒவ்வொரு அணியும் வருசத்துக்கு 162 ஆட்டம் ஆடுற லீக்கு அது, சும்மா வாயால ஐம்பது வருசம் ஓட்ட முடியுமா?

ஒரு பீர் விளம்பரத்துல நடிச்சான். நல்ல சீட்டுல போய்ச் சட்டமா உக்காருவான். உன் எடம் இது இல்லன்னு எழுப்பி விடுவாக. முன்வரிசைக்குத்தான் கூட்டிட்டுப் போறாக போலன்னு பூரிச்சுப் போவான். அடுத்துப் பாத்தா ஆகாசத்துல, ஆளே இல்லாத வரிசையில ஒத்தையா உக்காந்து கத்திக்கிட்டிருப்பான். அதுல இருந்து மில்வாக்கி மைதானத்துல, கூரையத் தாங்குற தூணு மறைக்கிற உச்சிச் சீட்டுக்கெல்லாம் அவன் பேரு. ஒரு டாலருக்கு வித்தாக. 2014ல அங்கயே கடைசி வரிசையில அவனுக்குச் சிலையும் வச்சு, பக்கத்துல உக்காந்து படம் எடுத்துக்கிட ஒரு சீட்டையும் காலியா விட்டிருக்காக.

உன் கம்பெனிக்காரன் என்னைக்காவது புத்தி மாறி உன்ன அந்தப் பக்கம் அனுப்புனா, போய் உக்காந்து பாரு. அந்த ஒரு டாலரக் கம்பெனிக் கணக்குல எழுதி வைக்காத, ரசீதக் கேப்பானுக.