விதியும் சகவாசமும்: டிஎஸ்எல், கேபிள் இணையம் பற்றிய ஓர் ஒப்பாய்வு

இல்லத்துக்கு இணையம் வந்து சேரும் நெறிகளுள் டிஎஸ்எல் உயர்ந்ததா, கேபிள் உயர்ந்ததா என்பதில் அறிஞரிடையே நெடுங்காலமாகப் பூசல் உண்டு. அறிஞர் என்றது ஈண்டு டெலிபோன் லைன்மேனையும் கேபிள்காரரையும். ஒருவர் நூலை மற்றவர் கற்றதில்லை. ஒருவர் வயரை மற்றவர் அறுத்ததாக மட்டும் வழக்கு உண்டு.

முதற்கண் குலமுறை. கேபிளில் உள்ள கோஆக்சியல் கம்பிக்கு ஆலிவர் ஹெவிசைடு 1880இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். டிஎஸ்எல் ஓடும் முறுக்கிய இரட்டைச் செம்புக் கம்பிக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் பெற்றார். ஆக, ஓராண்டு மூப்பு கேபிளுக்கு. பின்னாளில் ஒன்று டிவிக்கும் மற்றது பேச்சுக்கும் வாழ்க்கைப்பட்டன. ஆனால் டிஎஸ்எல்லின் ஒரு வகையான ஏடிஎஸ்எல்லை ஆதியில் வளர்த்தவர்கள் டெலிபோன் கம்பி வழியே சினிமா காட்டத்தான் எண்ணினார்கள். மாற்றான் தொழில்மேல் கண் வைப்பது இத்துறையில் புதிதன்று.

இனி டிஎஸ்எல். இதனை விதிக் கொள்கை என்க. மனிதக் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேலே செம்பில் இடம் சும்மா கிடந்தது. அங்கே இணையத்தைக் குடிவைத்தார்கள். குரலும் இணையமும் கலந்து இரையாமல் பிரித்துவைக்க ஸ்ப்ளிட்டர் என்றொரு சிறு டப்பா. ஆனால் உயர்ந்த அலைகள் செம்பில் தூரம் போகப் போகத் தேயும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு அடுத்த தெருக்காரருக்கு ஏடிஎஸ்எல்2+ நொடிக்கு 20 மெகாபிட்டைத் தாண்டலாம். 5 கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பவருக்கு ஒன்றிரண்டு வந்தாலே புண்ணியம். அந்த 5 கிலோமீட்டரும் காக்கை பறக்கும் கணக்கன்று, கம்பி சுற்றிப் போன கணக்கு. அப்பா எங்கே மனை வாங்கினாரோ அதுவே மகன் டவுன்லோடு. இதில் முயற்சிக்கு இடமில்லை. மழைநாளில் இணைப்புப் பெட்டிக்குள் நீர் இறங்கினால் விதியும் நனையும்.

கேபிளோ சகவாசக் கொள்கை. கோஆக்சியலில் இடம் தாராளம். 2006இல் வந்த டாக்சிஸ் 3.0 என்னும் கேபிள் இணையத் தரம், எட்டுச் சேனல்களை ஒன்றாகக் கட்டி நொடிக்கு 300 மெகாபிட்டுக்கு மேல் இழுக்கும். தூரமும் பெரிய தோஷமன்று. வழியில் ஆம்ப்ளிஃபயர் வைத்துத் தேற்றிவிடுவார்கள். குறை வேறிடத்தில். ஒரே கிளைக் கம்பியைத் தெருவே பங்கிட்டுக்கொள்கிறது. விடியற்காலையில் பறக்கும் இணையம், இரவு 8 மணிக்கு எதிர்வீட்டுப் பிள்ளை படம் இறக்கத் தொடங்கியதும் நொண்டும். (நம்மூரில் கேபிள்காரர் கொடுத்தது பல இடங்களில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவிய லேன் வயர். அது இவ்வாய்வின் எல்லைக்குள் வாராது. குரங்கின் எல்லைக்குள் வரும்.)

டிஎஸ்எல்லும் எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் பொதுவழிதானே, அங்கும் நெரிசல் உண்டே என்பார் உளர். வலிய தடைதான். ஆயினும் அங்கே நெரிசல் செய்பவன் முகம் நமக்குத் தெரியாது. கேபிளில் தெரியும், காலையில் கோலம் போடும்போது எதிரே நிற்கிறான். டிஎஸ்எல் சந்தாதாரர் தன் தலையெழுத்தை நொந்துகொள்கிறார், கேபிள் சந்தாதாரர் பக்கத்து வீட்டை. இரண்டுக்கும் உண்மையான வேற்றுமை இதுவே என்பது எம் துணிபு. மெகாபிட் எல்லாம் உரையாசிரியர் சேர்த்த இடைச்செருகல்.

இந்த வேற்றுமை நம்மிடம் காலந்தாழ்த்தி வெளிப்பட்டதற்கும் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு இந்தியக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அகன்ற அலைவரிசை என்றது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்டு வந்தபோது அந்த 256ஐ 4 கிலோமீட்டர் தள்ளி இருந்தவரும் எட்டிப் பிடித்தார். எல்லாருக்கும் ஒரே வறுமை; எனவே பொறாமை இல்லை. வேகம் கூடக் கூடத்தான் விதி கண்ணுக்குத் தெரிந்தது.

தீர்ப்பு: எக்ஸ்சேஞ்சு 2 கிலோமீட்டருக்குள் இருந்து, தெருவில் இளைஞர் மிகுந்திருந்தால் டிஎஸ்எல். எக்ஸ்சேஞ்சு தொலைவில் இருந்து, தெருவில் ஓய்வுபெற்றோர் மிகுந்திருந்தால் கேபிள். தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டதென்றால் இரண்டையும் விட்டு அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே இழையை 32 வீட்டுக்குப் பிரிப்பது அங்கும் உண்டு என்பதை மட்டும் எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிவைக்காதீர்கள்.