'எ பிட்' என்னும் சிற்றளவைப் பதம் குறித்த ஆராய்ச்சி

ஆங்கிலேய ஜாதியாரின் குணவிசேஷங்களை ஆராயப் புகுந்தவர்கள் அவர்களுடைய பார்லிமெண்டையும் தேநீர் வேளையையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, அவர்கள் நாவில் இடையறாது புழங்கும் 'எ பிட்', 'எ லிட்டில்', 'ஸ்லைட்லி' ஆகிய சின்னஞ்சிறு பதங்களைத் தீண்டாமலே போனது வித்வத் உலகுக்கு நேர்ந்த பெருநஷ்டம் என்பது அடியேன் அபிப்பிராயம். அகராதிகாரர்கள் இவற்றுக்குச் 'சிறிதளவு' என்று பொருள் எழுதி அடுத்த பதத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆங்கிலேயன் வாயிலோ சொல் சிறுக்கச் சிறுக்க விபத்து பெருக்கும் என்பதே நமது சித்தாந்தம்.

இதற்குத் தலையாய பிரமாணம் கொரிய யுத்தத்தில் கிடைக்கிறது. 1951 ஏப்ரலில், இம்ஜின் நதிக்கரையில், குளஸ்டர்ஷையர் படைப்பிரிவினர் 235 எண்ணிட்ட குன்றின்மேல் சீனச் சேனையால் நாற்புறமும் வளைக்கப்பட்டிருந்த தருணத்தில், பிரிகேடியர் டாம் பிரோடி தமக்கு மேலிருந்த அமெரிக்க ஜெனரலிடம் நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி' என்று விண்ணப்பித்துக் கொண்டாராம். இன்னோர் ஆங்கிலேயன் கேட்டிருந்தால் அக்கணமே தொப்பியைக் கழற்றியிருப்பான். ஜெனரலோ அகராதியை நம்பியவர். சங்கடம் கொஞ்சந்தானே, சமாளித்துக் கொள்வார்கள் என்று இருந்துவிட்டார். 500-க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

1982 ஜூன் 24 அன்று ஜாவாவுக்கு மேலே, கலுங்குங் எரிமலையின் சாம்பலைக் குடித்து நான்கு எஞ்சின்களும் அவிந்துபோன விமானத்தின் காப்டன் எரிக் மூடி, பிரயாணிகளுக்கு 'ஸ்மால் ப்ராப்ளம்' என்று அறிவித்தது இரண்டாம் பிரமாணம். எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற்று விமானம் ஜகார்த்தாவில் இறங்கியதால், இங்கே சித்தாந்தத்துக்குப் பங்கமில்லாமல் பிரயாணிகளும் பிழைத்தார்கள்.

சிற்றளவைப் பதங்களை ஆங்கிலேயன் போகும்போது நம்மிடம் விட்டுச் சென்றானா, நாமே பிற்பாடு வரவழைத்துக் கொண்டோமா என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. எவ்வாறாயினும், 'லைட்'டுக்குப் பின் நம்முடைய ஓர் ஆகாரத்தை ஒட்டி 'லைட்டா' என்று பண்ணிக்கொண்ட சாமர்த்தியம் நம்மவருடையதே. ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பிய பெரியவர், ஹார்லிக்ஸ் பாட்டிலுடன் பார்க்க வந்த உறவினரிடம், "லைட்டாத்தாம்பா வலிச்சுது, மைல்ட் அட்டாக்குதான்" என்கிறார். ஜெனரலின் மரபில் வந்த அந்த உறவினர், "அவ்வளவுதானே பெரியப்பா" என்று மனம் தெளிந்து, நாற்காலியைச் சற்று அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, வந்த காரியமாகிய கைமாற்றுக்கு அடி போடுகிறார்.